மக்பெத்தின் அவாவும் மல்கத்தின் நீதியும்

சேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுள் அளவாற் சிறியது ‘மக்பெத்’. வகுப்பறையிற் பயில்வதற்கு எளிதெனக் கருதப்படுவதும் அதுவே. கதை நேரானது, கிளைக்கதை இல்லை, படிப்பினையும் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கிறது. வீரனான தளபதி ஒருவன் சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்டு அரசபதவிக்கு ஆசைப்படுகிறான். மனைவி தூண்ட, தன் இல்லத்துக்கு விருந்தினனாய் வந்த மன்னனை உறக்கத்திற் கொல்லுகிறான். அக்கொலையின் பயனைக் காத்துக்கொள்ள மேலும் கொலைகள் செய்கிறான். ஈற்றில் தானும் வெட்டுண்டு மாய்கிறான். ‘பேராசை பெருநட்டம்’ என்னும் பழமொழியை எழுதி, ஐந்து அங்கங்களிலிருந்தும் அதற்குச் சான்று காட்டினாற் பரீட்சையிற் சித்தியடைந்துவிடலாம். தனிமனிதன் ஒருவனின் அவாவினால் நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிலவிய சமநிலை குலைந்தது. அவன் அழிந்ததும் அச்சமநிலை மீண்டது. துணைநூல்கள் ஒருமுகமாகக் கூறும் சாரம் இது.

இக்கருத்து துணைநூல்காரரின் சொந்தச் சரக்கன்று. துன்பியல் உலகை ஆள்வது ஓர் அறவொழுங்கு என்றும், தன்னுள்ளே தோன்றிய தீமையை அவ்வொழுங்கு பெரும் வேதனையோடும் இழப்போடும் வெளித்தள்ளுகிறது என்றும் ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார். பிராட்லி நுட்பமான திறனாய்வாளர். பாத்திரங்களின் உள்ளத்தை அவரளவு ஊடுருவி நோக்கியோர் மிகச் சிலர். ஆயின் அவர் கூறும் அறவொழுங்கு ஆகாயத்திலே தொங்குகிறது. அது யாருடைய ஒழுங்கு, எவருடைய வாளினாற் காக்கப்படுவது என்ற வினாக்கள் அவருக்கு எழவில்லை. நாடகத்திலோ அவ்வினாக்கள் இரண்டாங் காட்சியிலேயே எழுந்துவிடுகின்றன.

அக்காட்சியில் மக்பெத் மேடையில் இல்லை. குருதி வடியும் படைவீரன் ஒருவன் டங்கன் மன்னனிடம் போர்ச்செய்தி கூறுகிறான். கிளர்ச்சிக்காரனான மக்டொன்வால்டை மக்பெத் எதிர்கொண்டு, கொப்பூழிலிருந்து தாடைவரை உடலைப் பிளந்து, தலையைக் கொய்து கோட்டை மதிலிலே குத்திவைத்தான் என்பது செய்தி. மன்னன் முகஞ்சுளிக்கவில்லை, உறவுமுறை சொல்லி மகிழ்ந்து பாராட்டுகிறான். இனி, நாடகத்தின் இறுதிக் காட்சியை நோக்குக. மக்டஃப், மக்பெத்தின் தலையைக் கொய்து கொண்டுவருகிறான். புதிய மன்னனான மல்கம் அதனை ஏற்றுக்கொள்கிறான். தொடக்கத்தில் ஒரு தலை, முடிவில் ஒரு தலை. இரண்டும் நன்மையின் கணக்கிலே வரவு வைக்கப்படுகின்றன. இடையிலே நிகழும் கொலைகள் மட்டுமே தீமை எனப்படுகின்றன. டங்கனை உறக்கத்திற் குத்திய கை, டங்கனுக்காக மனித உடலைப் பிளந்து பழகிய கைதான் என்பதை நாடகாசிரியர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார்.

வீரத்துக்குக் கிடைத்த பரிசும் கவனிக்கத்தக்கது. மன்னனுக்குத் துரோகமிழைத்த கோடர்ப் பிரபுவுக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. அவனது பட்டம் அக்கணமே மக்பெத்துக்கு வழங்கப்படுகிறது. ஒருவன் தலை விழுந்தால் மற்றொருவனுக்குப் பட்டம் என்பதுதான் அச்சமுதாயத்தின் பதவியுயர்வு விதி. சூனியக்காரிகள் மக்பெத்துக்குப் புதிதாக என்ன கற்பித்தார்கள்? அவன் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ஏணியின் கடைசிப் படியைச் சுட்டிக்காட்டியதன்றி வேறொன்றும் செய்தாரல்லர். அவனுக்கு நன்றி கூறிய அதே காட்சியில், டங்கன் தன் மகன் மல்கத்தைக் கம்பர்லாந்து இளவரசனாக்கி, அவனே அடுத்த வாரிசு என அறிவிக்கிறான். பண்டைய ஸ்கொத்லாந்தில் அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாகவே சென்றதன்று. அரசகுலத்தின் வயதுவந்த ஆடவருள் ஒருவனைத் தெரிவுசெய்யும் மரபு நிலவிற்று. அம்மரபின்படி நோக்கின் மக்பெத்தின் எதிர்பார்ப்பு விபரீதமானதன்று. டங்கனின் அறிவிப்பு அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. இதனைச் சேக்ஸ்பியர் இரண்டொரு வரிகளிலே கடந்துசெல்கிறார்; காரணம் உண்டு.

சேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. 1577இல் முதலில் வெளிவந்த அந்நூலின் 1587ஆம் ஆண்டுப் பதிப்பே அவர் கையாண்டது. அங்கே டங்கன் மென்மையும் தளர்வும் மிக்க ஆட்சியாளன். மக்பெத்துக்கு அவன்மீது வாரிசு பற்றிய மனக்குறை இருந்தது. கொலைத் திட்டத்துக்குப் பாங்கோவும் உடந்தையாயிருந்தான். அரியணையேறிய மக்பெத் கொடுங்கோலனாக மாறுமுன் பத்தாண்டுக் காலம் நல்ல சட்டங்களியற்றி நாட்டைச் செவ்வனே ஆண்டான். ஹோலின்ஷெட்டையும் விடுத்து வரலாற்றையே நோக்கின், படுக்கையறைக் கொலைக்கு இடமே இல்லை. 1040இல் நிகழ்ந்த போரிலே டங்கன் மாண்டான், அவன் வயோதிகனுமல்லன். மக்பெத் 1057 வரை பதினேழாண்டுகள் ஆண்டான். 1050இல் உரோமாபுரிக்கு யாத்திரை சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரியிறைத்தான் என்பதும் பதிவாகியுள்ளது. உறங்கும் மன்னனைக் கொன்று காவலர்மீது பழிபோடும் நிகழ்ச்சியை, ஹோலின்ஷெட்டின் வேறொரு பக்கத்தில் டொன்வால்ட் என்பான் டஃப் மன்னனைக் கொன்ற கதையிலிருந்து சேக்ஸ்பியர் பெயர்த்தெடுத்தார். மனைவியின் தூண்டுதலும் அங்கே உண்டு.

இம்மாற்றங்களைக் கலைநயத்துக்காகச் செய்யப்பட்டவை என்று மட்டும் கூறி அமையவியலாது. ஸ்கொத்லாந்து மன்னனாயிருந்த ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னனானான். சேக்ஸ்பியரின் நாடகக்குழு அவ்வாண்டிலேயே ‘மன்னரின் குழு’ ஆயிற்று. ஜேம்ஸ் தன்னைப் பாங்கோவின் வழித்தோன்றலாகக் கருதியவன்; சூனியம் பற்றி 1597இல் நூலொன்றும் எழுதியவன். 1605 நவம்பரில் அவனையும் நாடாளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டளவில் எழுந்த நாடகத்திலே பாங்கோ குற்றவாளியாகத் தோன்றவியலுமா? மன்னனைக் கொன்றவன் பத்தாண்டு நல்லாட்சி புரிந்தான் என்று மேடையிற் காட்டத்தான் இயலுமா? ஆகவே டங்கன் நரைமுடித்த தூயவனானான், பாங்கோ மாசற்றவனானான், பத்தாண்டு நல்லாட்சி மறைந்தது. நன்மை தீமைத் தராசின் படிக்கல் அரண்மனையிலிருந்து வந்தது.

இவ்விடத்தில் நமது அணியிலேயே உள்ள சிலரோடு நான் முரண்பட வேண்டியிருக்கிறது. மேற்கூறியவற்றைக் கேட்டதும் அவர்கள் விரைந்து ஒரு முடிவுக்கு வருவர். மக்பெத் நிலமானிய அமைப்பின் விளைபொருள். மனச்சான்று, பாவம், குற்றவுணர்வு என்பனவெல்லாம் ஆளும் வர்க்கத்தின் அலங்காரங்கள். ஆகவே நாடகத்தின் அறப்பிரச்சினை பொய்ப்பிரச்சினை என்பர். இது பிராட்லியின் தவறைத் தலைகீழாக நிறுத்துவதேயன்றி வேறன்று. அதே அமைப்பில் வளர்ந்து, அதே போரிற் குருதி சிந்தி, அதே சூனியக்காரிகளின் வாயிலிருந்து தன் வமிசம் அரசாளும் என்ற வாக்கையும் பெற்றவன் பாங்கோ. அவன் டங்கனைக் கொல்லவில்லை. மக்பெத்தும் பொறியன்று. கொலைக்கு முன் அவன் தனித்து நின்று கணக்குப் பார்க்கிறான். மன்னனுக்கு அவன் உறவினன்; குடிமகன்; அன்றிரவு விருந்தோம்புவோனும் அவனே. நமது மரபிலே செஞ்சோற்றுக்கடன் என்று கூறப்படுவதோடு நெருங்கிய கடமைகள் இவை. தன்னை உந்தும் காரணம் பதவிவேட்கையன்றி வேறொன்றுமில்லை என்பதையும் அவனே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஹோலின்ஷெட் தந்த மனக்குறையைச் சேக்ஸ்பியர் நீக்கிவிட்டதால் அரண்மனைக்கு ஓர் ஆதாயமும் கலைக்கு மற்றோர் ஆதாயமும் கிட்டின. சாக்குப்போக்கு யாதுமின்றி, தன் செயல் தீயதென்று முழுதும் தெரிந்தே அதனைச் செய்யும் மனிதன் ஒருவன் மேடைக்கு வந்தான்.

பின் அவன் தயக்கத்தைத் தகர்த்தது எது? சீமாட்டி மக்பெத்தைப் பேயென்றும் பிசாசென்றும் வைவது வழக்கம். அவள் பயன்படுத்தும் வாதத்தை ஊன்றிக் கவனித்தோர் குறைவு. கணவனின் ஆண்மையை அவள் கேள்விக்குள்ளாக்குகிறாள். துணிந்தால் ஆண்மகன், தயங்கினாற் கோழை என்கிறாள். இது நரகத்திலிருந்து வந்த வாதமன்று. இரண்டாங் காட்சியிலே மன்னன் மெச்சிய வாதம். போர்க்களத்தின் ஒழுக்கத்தை அவள் வீட்டுக்குள்ளே கொண்டுவருகிறாள், அவ்வளவே. அவ்வொழுக்கத்தைப் போர்க்களத்திலேயே பயின்றிராத அவள்தான் பிறகு உறக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத கறையைக் கழுவுகிறாள்.

அவா என்பது எக்காலத்தும் ஒரே பொருளுடைய சொல்லன்று. வள்ளுவர் அறத்துப்பாலில் ‘அவாவறுத்தல்’ என்று ஓரதிகாரம் வகுத்தவர். பொருட்பாலில் ‘ஊக்கமுடைமை’ என்று மற்றோரதிகாரமும் வகுத்தார். துறவிக்கு விலக்கப்பட்டது ஆள்வோனுக்கு விதிக்கப்பட்டது. சேக்ஸ்பியர் வாழ்ந்த இங்கிலாந்திலோ புதியதொரு வேட்கை தலைதூக்கியிருந்தது. மார்லோவின் தம்புர்லேன் என்னும் இடையன் மகன், பிறப்பினாலன்றித் தன் வலிமையினாலேயே பேரரசர்களை வீழ்த்துவதை இலண்டன் மக்கள் 1580களின் இறுதியில் ஆரவாரத்தோடு கண்டுகளித்தனர். ஜேம்ஸ் ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே நூற்றுக்கணக்கானோருக்கு வீரப்பட்டங்களை வாரி வழங்கினான். 1611இல் ‘பரனெட்’ என்னும் புதிய பட்டத்தை உண்டாக்கி 1,095 பவுண் விலைக்கு விற்கவும் தொடங்கினான். வாளினாற் பெறப்பட்ட மதிப்பு காசினாற் பெறப்படும் காலம் அது. தன் மேடையில் பதவிவேட்கையை மாபாதகமாகக் கண்டு தலையசைத்த அரசவை, மேடைக்கு வெளியே அதனை விலைபேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு வேண்டிய ஆசையைத் தானே ஊட்டி வளர்க்கிறது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, அப்பிள்ளை கோறணமேந்துக் கதிரைக்காக எதுவுஞ் செய்யத் துணிந்தபின் அவன் குணத்தைக் குறைகூறுவோரை நாமும் அறிவோம்.

கொலைக்குப் பின் வாயிற்கதவு தட்டப்படும் ஓசையைப் பற்றி தோமஸ் டி குவின்சி 1823இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கொலையினால் நின்றுபோன மனித வாழ்வு அவ்வோசையோடு மீண்டும் இயங்கத் தொடங்குகிறது என்றார் அவர். மெய்யே. ஆனால் கதவைத் திறக்கச் செல்பவன் வேலைக்காரன். குடிமயக்கத்திலே தன்னை நரகத்தின் வாயிற்காப்போனாகப் பாவித்து அவன் உள்ளே விடுவோருள் முதல்வன், தானியத்தைப் பதுக்கி விலையேற்றத்தை எதிர்பார்த்திருந்து, விளைச்சல் பெருகவே தூக்கிட்டுக்கொண்ட கமக்காரன். மற்றொருவன் துணி திருடிய தையற்காரன். மன்னர்களின் பெருங்குற்றம் மேலறையில் நிகழ்ந்துகொண்டிருக்க, அதே வேட்கையின் சில்லறை வடிவங்களை வாயிற்காவலன் கணக்கெடுக்கிறான். வெறும் நகைச்சுவை என்று பல தயாரிப்பாளர் வெட்டியெறிந்த பகுதி இது.

பாங்கோவைக் கொல்ல மக்பெத் அமர்த்தும் கொலையாளிகளைப் பற்றியும் திறனாய்வாளர் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் பெயரற்றவர், உலகம் அடித்த அடிகளால் வெகுண்டு, துன்பங்களால் அலுத்து, எதுவும் நேரட்டும் என்ற நிலைக்கு வந்தவர். தங்கள் அவலத்துக்குக் காரணன் மக்பெத்தே என்று அவர்கள் முன்பு கருதியிருந்தனர். அவனோ அவர்களை அழைத்து, உங்களை ஒடுக்கியவன் நானல்லன், பாங்கோவே என்று நம்பவைக்கிறான். நாய்களிற் பலவகை உண்டு. மனிதரிலும் அவ்வாறே என்று கூறி, உயர்ந்த வகையாகத் தம்மைக் காட்டிக்கொள்ளுமாறும் தூண்டுகிறான். ஏழையின் நியாயமான சினத்தை ஒரு பிரபு மற்றொரு பிரபுவின்மீது ஏவிவிட்டுத் தான் தப்பிக்கொள்ளும் வித்தையை உலக நாடக இலக்கியத்தில் இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறுண்டோ என நான் ஐயுறுகிறேன். தேர்தற் காலங்களிலே இக்காட்சியை மாணவரோடு சேர்ந்து படிப்பது பயனுடையது.

இனி நன்மையின் அணியை நோக்குவோம். இங்கிலாந்துக்குத் தப்பியோடிய மல்கத்திடம், நாட்டை மீட்க வாவென்று மக்டஃப் மன்றாடுகிறான். அவனைச் சோதிக்க விரும்பிய மல்கம், நான் மக்பெத்தினும் கொடியவன் எனத் தன்னைத்தானே தூற்றிக்கொள்கிறான். தன் காமத்துக்கு எல்லையில்லை என்கிறான். அது தீதுதான், ஆயினும் மறைவிலே தீர்த்துக்கொள்ளலாம், இணங்கும் பெண்கள் பலருண்டு என்பது மக்டஃபின் மறுமொழி. பிரபுக்களின் நிலங்களையும் செல்வங்களையும் பறிக்கும் பேராசை தனக்குண்டு என்கிறான். அது இன்னும் ஆழமான தீமை, ஆயினும் நாட்டிலே செல்வம் போதியளவு இருக்கிறது. மற்ற நற்குணங்களோடு வைத்து நிறுத்தால் இவையெல்லாம் தாங்கத்தக்கவையே என்று மறுமொழி வருகிறது. நற்குணம் ஒன்றேனும் தன்னிடமில்லை என மல்கம் கூறிய பின்னரே மக்டஃப் வாய்விட்டுப் புலம்புகிறான். நன்மையின் வீரன், தீமையில் எத்தனை வீதம் ஏற்கத்தக்கது என்று பேரம் பேசும் இக்காட்சியைச் சலிப்பூட்டுவதெனப் பலர் ஒதுக்குவர். எனக்கு அது நாடகத்தின் மிகக் கூர்மையான அரசியற் காட்சிகளுள் ஒன்றாகப்படுகிறது. அப்பேரம் நடக்கையில் மக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும் இறந்துகிடக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர் அறிவர், அவன் அறியான்.

அவர்கள் இறந்த காட்சி இதற்குச் சற்று முன்னர் வருகிறது. கணவன் தங்களைக் காப்பின்றி விட்டோடியதை எண்ணி வெதும்பும் சீமாட்டி மக்டஃபிடம் அவள் சிறுவன் ஒரு கேள்வி கேட்கிறான். துரோகி யார்? ஆணையிட்டுப் பொய் சொல்பவன். அவர்களையெல்லாம் தூக்கிலிட வேண்டுமா? வேண்டும். யார் தூக்கிலிடுவது? நேர்மையாளர். அப்படியாயின் பொய்யர்கள் மூடர்கள்தாம். நேர்மையாளரை அடித்துத் தூக்கிலிடப் போதிய தொகையினர் அவர்களிடம் இருக்கின்றனரே என்கிறான் குழந்தை. பிராட்லியின் அறவொழுங்கை ஒரு பாலகன் எண்ணிப் பார்த்துவிடுகிறான். அவனுக்குப் பிறகு தாய் பேசுவது இன்னும் கசப்பானது. தீங்கொன்றும் செய்யாத நான் ஏன் ஓடவேண்டும் என்று வினவியவள், தான் வாழ்வது தீங்கு புகழப்படுவதும் நன்மை சிலவேளை ஆபத்தான அறிவீனமாகக் கொள்ளப்படுவதுமான உலகம் என்பதை அடுத்த கணமே நினைந்துகொள்கிறாள். சில நொடிகளில் கொலையாளிகள் நுழைகின்றனர்.

பின்வந்த கலைஞர் சிலர் இச்சமநிலையின் போலித்தன்மையைக் கண்டுகொண்டனர். அக்கிரா குரோசாவா 1957இல் எடுத்த திரைப்படத்தில் தளபதியால் கொல்லப்படும் பிரபுவே தன் தலைவனைக் கொன்று பதவிக்கு வந்தவன். தூய டங்கனுக்கு அங்கே இடமில்லை. 1971இல் ரோமன் பொலான்ஸ்கி எடுத்த படம் மல்கத்தின் தம்பி டொனல்பெயின் சூனியக்காரிகளைத் தேடிச் செல்வதோடு முடிகிறது. விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ 2003இல் வெளிவந்த ஹிந்திப் படம். கதை மும்பையின் பாதாள உலகத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. சூனியக்காரிகளின் இடத்திலே இரு பொலிஸ் அதிகாரிகள். சாதகக் கட்டம் போட்டுப் பலன் சொல்லும் இவர்கள், ஒரு கும்பலை மற்றொரு கும்பலால் மட்டந்தட்டிக்கொண்டே, உலகிற் சக்திகளின் சமநிலை பேணப்படவேண்டும் எனத் தத்துவமும் பேசுகின்றனர். சமநிலை என்னும் சொல் எவர் வாயில் எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது என்பதை மும்பைக் கலைஞர் கண்ட அளவுக்கு ஆங்கிலப் பேராசிரியர்கள் கண்டாரல்லர்.

எனினும் இப்படங்களிடமும், 1960களில் ஐரோப்பிய மேடைகளிற் பெருஞ்செல்வாக்குப் பெற்ற போலந்துத் திறனாய்வாளர் யான் கொட்டிடமும் ஒரு குறை உண்டு. வரலாறு என்பது குருதிச் சேற்றிலே சுழலும் கொடுங்கனவு. ஒருவன் போனால் மற்றொருவன். எல்லோரும் ஒன்றே என்னும் முடிவுக்கு அவை நம்மை இட்டுச்செல்கின்றன. கண்டி மாளிகையானாலும் கொழும்புச் செயலகமானாலும் இந்த முடிவு ஆள்வோருக்கு ஒருபோதும் இடைஞ்சலானதன்று. நாடகம் அவ்வாறு கூறவில்லை. அரண்மனையிற் கூலிக்கு இருக்கும் வைத்தியன், சீமாட்டி உறக்கத்தில் உளறிய உண்மையைக் கேட்டு, நினைப்பதைச் சொல்ல அஞ்சுகிறான். இவ்விடத்தைவிட்டுத் தப்பினால் எந்த ஊதியத்துக்கும் திரும்பி வரேன் என்றும் எண்ணுகிறான். பணிப்பெண் சாட்சியின்றி எதுவும் கூற மறுக்கிறாள். இவை வீரச்செயல்கள் அல்ல. ஆயினும் அவாவின் ஏணியில் ஏறாத மனிதரும் அக்கோட்டைக்குள் இருந்தார்கள் என்பதற்கு இவை சான்று.

அவர்களுள் ஒருவன் அதற்கும் மேலே செல்கிறான். சீமாட்டி மக்டஃப் தன் மகனோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் விரைந்து வருகிறான். அவனுக்குப் பெயரில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, எளியவன் ஒருவனின் சொல்லைக் கேளுங்கள், ஆபத்து நெருங்கிவிட்டது, குழந்தைகளோடு ஓடிவிடுங்கள் என்ற அளவிலே சில வரிகள் பேசிவிட்டு, மேலும் நிற்க அஞ்சி மறைகிறான். அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. எந்தச் சூனியக்காரியும் அவனுக்கு எதையும் வாக்களிக்கவில்லை. நாடகம் முழுவதிலும் தன் உயிரைப் பணயம் வைத்து, பிரதியுபகாரம் கருதாமல், பிறர் உயிரைக் காக்க முனையும் செயல் இஃதொன்றே. வகுப்பில் இதனைச் சுட்டிக்காட்டியபொழுது, ‘அவன் பிறகு என்ன ஆனான், சேர்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நாடகத்தில் விடையில்லை.

மல்கத்தின் இறுதிப் பேச்சைக் கேட்போம். துணைநின்ற பிரபுக்களையும் உறவினரையும் ஏர்ல்களாக உயர்த்துகிறான். ஸ்கொத்லாந்தில் அப்பட்டம் பெறுவோர் அவர்களே முதல்வர். வெளிநாடு சென்ற நண்பர் திரும்ப அழைக்கப்படுவர். மாண்ட கொடியோனின் ஏவலாளர் தேடிப் பிடிக்கப்படுவர். பின்னர் அனைவரும் ஸ்கூனுக்கு வந்து முடிசூட்டு விழாவைக் காணலாம். எச்சரிக்கை கூற ஓடிவந்த எளியவன் இப்பட்டியலில் எங்கும் இல்லை. வறுமையால் விலைபோன அக்கொலையாளிகள், தேடப்படுவோர் வரிசையில் முதலில் நிற்பர்.